குருசுமுனைக்காரர்கள் குதித்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் தென்னந்தோப்பும் நெருக்கிப் பிடித்த நீளமான மணல்மேட்டில் குடியிருக்கும் குருசுமுனைக்காரர்களுக்குக் கால்பந்து ஆடத் தெரியும் என்று அவர்களைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை. ஆனால் கோல் விழுந்தால் குதிக்கத் தெரியும் என்பதை அவர்களுடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். மற்ற ஊர்களில் கைதட்டுவார்கள், விசிலடிப்பார்கள், ரொம்ப முற்றினால் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவார்கள், அத்தோடு தீர்ந்தது. குருசுமுனையில் அப்படியெல்லாம் தீராது. பக்கத்தில் நிற்பவன் மைத்துனனோ, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியோ, யாராக இருந்தாலும் அவன் தோளில் கையைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, ரசிகர் மன்றத் தலைவர் கிளீட்டஸ் முரசில் மூன்று தட்டுத் தட்டியதும், "குதிக்காத காலு குருசுமுனைக் காலு இல்லே!" என்று கத்தியபடி எல்லோரும் ஒரே மூச்சில் குதிக்க வேண்டும். மைதானத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அடுப்படியில் இருப்பவர்கள், கட்டிலில் கிடப்பவர்கள், கோயிலில் முழங்காலில் நிற்பவர்கள் எல்லோரும்தான். ஒருமுறை வியாகுலப் பிள்ளை என்பவரின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள், வழியில் ஒலிபெருக்கி கோல் என்று அலறியதும், பெட்டியோடு சேர்ந்து குதித்தார்கள். வியாகுலப் பிள்ளை கடைசிவரை ஊரோடு நின்றார் என்று அதையும் இன்றைக்குவரை பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், ஆனி மாதத்தில், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை இருக்கிற, ஆம்பிளைகள் எல்லாம் கரையில் சும்மா இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போகிற அந்த நாட்களில், மாதா கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டத்தில், குருசுமுனை அணி ஒரு கோல் போட்டது. பந்து எதிரணிக்காரனின் பின்புறத்தில் பட்டு உள்ளே போன கோல், ஆனாலும் கோல். கிளீட்டஸ் முரசைத் தட்டினார், ஊர் குதித்தது, குதித்த ஊர் கீழே வரவில்லை. தென்னைமரத்தின் பாதி உயரத்தில், தோளில் போட்ட கை போட்டபடியே, ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒருவர் பின் ஒருவராக மெதுவாக வந்து மணலில் கால் ஊன்றி, லுங்கியை இறுக்கிக்கொண்டு, மிச்ச ஆட்டத்தைப் பார்த்தது.

அதிசயம் நடந்துவிட்டது என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் இது எப்போதோ நடந்திருக்க வேண்டியது, இவ்வளவு நாள் பூமிதான் பிடித்து வைத்திருந்தது என்பதுபோல நடந்துகொண்டார்கள். காரணம் என்ன என்று எவனும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் இதைவிட அதிக நேரம் நிற்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். முடிந்தது. அடுத்த கோலுக்குச் செபமாலையில் பத்து மணி உருட்டி முடிக்கிற நேரம் நின்றார்கள், அதற்கடுத்ததற்கு ஒரு முழுப் பிரசங்க நேரம் நின்றார்கள், ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. லுங்கிக்கு உள்ளே கால்சட்டை போட்டு வர வேண்டும் என்று பங்குத்தந்தை ஹென்றி ஃபாதர் பூசையில் அறிவித்தார், ஏனென்றால் கீழே நின்றிருந்த வெளியூர் நடுவர் புகார் சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகள் காற்றில் தோப்புப் பக்கம் ஒதுங்கிப் போய்விடாமல் இருக்கத் தாய்மார் அதுகளின் இடுப்பில் வலையின் ஈயக் குண்டுகளைக் கட்டினார்கள். டீக்கடைக்காரர் பழம்பொரியைப் பொட்டலம் கட்டி மேலே எறியப் பழகினார். கல்யாணப் பேச்சில் பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்ட காலம் போய், பையன் எவ்வளவு நேரம் நிற்பான் என்று கேட்கிற காலம் வந்தது. சீக்கிரம் இறங்கியவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. அவனுக்குச் சந்தோஷம் போதவில்லை, சந்தோஷம் போதாதவனுக்கு ஊர்ப்பற்று எங்கேயிருந்து வரும் என்று பேசிக்கொண்டது.

சந்தோஷம் இருக்கிறவரை மேலே நிற்கலாம், அது வடிந்தால் இறங்கிவிட வேண்டியதுதான் என்பதைப் பனியடிமை என்ற ஆளின் பல்தான் ஊருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது. எல்லோரும் மேலே நின்று பாடிக்கொண்டிருந்தபோது அந்த ஆளுக்குத் தன் கடைவாய்ப் பல் வலிப்பது ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்த கணமே பொத்தென்று டீக்கடைப் பலகையில் வந்து விழுந்தார். அதன்பிறகு கிளீட்டஸ் ஆட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் உபதேசம் செய்ய ஆரம்பித்தார்.

"மக்களே, மேல போன பொறவு வீட்ட நெனைக்கப்படாது. பொண்டாட்டிய நெனைக்கப்படாது. வலிய நெனைக்கப்படாது. கோல மட்டும் நெனைக்கணும். கேட்டியளா?"

ஊர் கேட்டது. சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அந்த நேரத்தில் நினைக்காமலிருக்கக் குருசுமுனைக்காரர்கள் பழகினார்கள், பழகப் பழக அது அவர்களுக்கு எளிதாகவும் இருந்தது. அடுத்த ஊரான புன்னந்துறைக்காரர்களுக்கு இந்த வரம் கிடைக்கவில்லை. அவர்கள் குதித்தால் குதித்த இடத்திலேயே வந்து விழுந்தார்கள். மண்ணாந்தைகள் என்று மேலேயிருந்து அவர்களைப் பார்த்துச் சிரிப்பது ஆட்டத்தைவிடச் சுவையான பொழுதுபோக்காக இருந்தது.

தார்சியூஸ் இந்த ஊரின் ரசிகர்களுக்கெல்லாம் ரசிகன். ஒரு சின்ன ஃபைபர் வள்ளத்தில் கடலுக்குப் போய் வருகிறவன். நீளமான கழுத்து, இளித்த வாய், குளித்தாலும் கழற்றாத மஞ்சள் ஜெர்சி. மேலே நின்றால் கடைசியாக இறங்குகிறவன் அவன்தான். அவன் மனைவி ஜெசிந்தா மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்கிறவள்; முதலில் இறங்குகிறவள் அவள்தான். குதிக்க மாட்டேன் என்று அவள் சொன்னதில்லை, ஊரோடுதான் குதித்தாள், ஆனால் கால் தரையை விட்ட உடனேயே மீனுக்கு ஐஸ் போட்டோமா, கதவைச் சாத்தினோமா, இந்த மனுஷன் நேற்று ராத்திரி முழுக்க இருமினானே என்று ஏதாவது ஒன்று அவளுக்குள் வந்துவிடும், உடனே இறங்கிவிடுவாள். அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான், அவளுக்கு நினைப்பதற்கும் அவனை விட்டால் ஆள் கிடையாது.

"கொஞ்ச நேரம் ஒண்ணும் நெனைக்காம இரேன்ட்டி. எனக்கு நாணக்கேடா இருக்கு," என்பான் தார்சியூஸ்.

"நானும் நெனைக்காம இருந்தா ஒங்கள யாரு நெனைக்க?" என்பாள் அவள். அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு நேரம் இருந்ததில்லை, அடுத்த ஆட்டம் வந்துவிடும்.

இனி இந்த ஊரின் மூளை வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். போன வருஷம் இறுதிப் போட்டியில் குருசுமுனை தோற்றபோது தார்சியூஸ் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இந்த வருஷம் கால் இறுதியில் அவன் வந்து நின்ற சமயத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. அரை இறுதியன்று அவன் ஜெசிந்தாவின் மீன்கூடையை இறக்கிவைக்க மார்த்தாண்டம் போய்த் தாமதமாக வந்தான். அவன் வருவதற்கு முன்னால் நம் அணி இரண்டு கோல் போட்டிருந்தது, வந்த பின்னால் ஒன்றும் போடவில்லை. இந்த மூன்றையும் கிளீட்டஸ் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். அவன் இருந்தபோது விழுந்த கோல்கள் எத்தனையோ, அவன் மேலே நின்று தொண்டை கிழியப் பாடிய கோல்கள் எத்தனையோ, அதெல்லாம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வேண்டாததை நினைக்காமலிருக்கத்தான் ஊரே பயிற்சி எடுத்திருந்ததே. இறுதிப் போட்டி புன்னந்துறையோடு என்று முடிவான சாயங்காலம், மன்றத்துக் கொட்டகையில் தார்சியூஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"தப்பா எடுக்காத மக்கா," என்றார் கிளீட்டஸ். "ஒனக்க மேல எங்களுக்கு ஒரு கொறையும் கெடையாது. ஆனா நீ நிக்கிய எடத்துல கோலு விழ மாட்டேங்கு."

தார்சியூஸ் யோசித்தான். "வீட்டுக்குள்ள கதவடச்சு இருந்துக்கிடட்டா?"

"ஒனக்க வீடு மைதானத்துக்குப் பக்கமில்லியா. ராசி சொவரு தாண்டி வரும்."

"அப்பம் மார்த்தாண்டத்துக்குப் போறேன்."

"நீ பஸ் ஏறி வந்துருவலே. ஒன்ன எங்களுக்குத் தெரியாதா?" கிளீட்டஸ் அவன் முதுகைத் தடவினார். "கடலுதான் நல்லது. கோலு சத்தம் கேக்காத தூரத்துக்குப் போயிரு. ஆட்டம் முடிஞ்ச பொறவு வந்தா போரும்."

தார்சியூஸின் கண் கலங்கிவிட்டது. அவமானத்தில் இல்லை, அவமானப்படுகிற அளவுக்குக்கூட அவனிடம் எதையும் ஊர் மிச்சம் வைத்திருக்கவில்லை. இத்தனை பேர் இருக்க, கோப்பை தன் கையில்தான் இருக்கிறது என்று ஊரே ஒப்புக்கொண்டுவிட்டதே என்ற பெருமையில் கலங்கியது. எழுந்து ஜெர்சியின் சின்னத்துக்கு முத்தம் கொடுத்தான். கொட்டகையில் எல்லோரும் கைதட்டினார்கள். ஹென்றி ஃபாதரும் அங்கேதான் இருந்தார். ராசி பார்ப்பது திருச்சபைக்கு விரோதம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், கோப்பை பங்குக் கோயிலுக்கு வந்தால் கோபுரத்தில் வைக்கலாம் என்று கிளீட்டஸ் போனவாரம் சொன்னது ஞாபகம் வந்து, கொட்டாவி விட்டு வாயை மூடிக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்டு ஜெசிந்தா மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள்.

"கடலு கெடக்க கெடப்ப பாத்தியளா? கூட ஒரு ஆளில்லாம இந்த அலையடியில வள்ளத்த எறக்குவியளா?"

"ஊருக்காக்கும்ட்டி."

"ஊரு ஒங்கள போவச் சொல்லிச்சுன்னா, ஊருல ஒருத்தன் கூட வரப்படாதா?"

"அவனுவ வந்தா குதிக்கது யாரு?" என்றான் தார்சியூஸ், உண்மையிலேயே புரியாமல்.

அவனோடு பேசிப் பயனில்லை என்று அவள் கிளீட்டஸின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். ஆனிக் கடலில் வள்ளத்தை இறக்குவதுகூடப் பெரிதில்லை, திரும்பி வருவதுதான் கண்டம். கரையோரம் புரண்டு அடிக்கிற அலைக்குள் வள்ளம் நுழைகிற நேரத்தில் தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்து இழுக்கக் கரையில் ஆள் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் அலை அதைக் கவிழ்த்து ஆளின் மேலேயே போடும். இது அந்தக் கடற்கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

"வள்ளம் புடிக்க ஆளு நிக்குமா? அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

"என்ன பேச்சு பேசுத பெண்ணே!" கிளீட்டஸ் நெஞ்சில் கை வைத்தார். "ஊரே கடக்கரையிலதான நிக்கப் போவுது. அவன் தலையக் கண்ட ஒடனே நூறு பேரு எறங்குவோம்."

அவள் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள்.

இறுதிப் போட்டியன்று மத்தியானம் தார்சியூஸ் மஞ்சள் ஜெர்சியோடு வள்ளத்தில் ஏறினான். தள்ளிவிட வந்தவர்கள் அவனை மாலை போட்டு அனுப்பினார்கள், அலையைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமல் மைதானத்துக்கு ஓடினார்கள், இடம் போய்விடும். ஜெசிந்தா மட்டும் கரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கோயிலுக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. புன்னந்துறைக்காரர்கள் நன்றாக ஆடினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் ரெக்சன் என்ற நெடிய பையன், குருசுமுனை அடித்த அத்தனை பந்தையும், ஏதோ கடையில் காய்கறி பொறுக்குகிறவன்போல, அலட்டிக்கொள்ளாமல் எடுத்துத் திருப்பி எறிந்துகொண்டிருந்தான். இடைவேளைக்கு அப்புறம் தென்மேற்கில் வானம் இருண்டு காற்று ஏறியது. கடல் வெள்ளையாகப் புரள ஆரம்பித்தது. ஜெசிந்தா எழுந்து நின்றாள், நின்றவள் பிறகு உட்காரவில்லை.

வள்ளம் தெரிந்தபோது அதன் எஞ்சின் ஓடவில்லை. காற்று அதைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. தார்சியூஸ் முகத்தைக் கடலுக்கும் முதுகைக் கரைக்கும் கொடுத்து நின்று, வருகிற ஒவ்வொரு அலைக்கும் வள்ளத்தின் மூக்கை நேராக்கத் துடுப்பைப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மைதானத்தை நோக்கி ஓடிய ஜெசிந்தா, "எல்லாரும் வாங்க! வள்ளம் வந்தாச்சு! புடிக்க வாங்க!" என்று கத்தியது, சரியாக அந்த நேரத்தில்தான், யாரோ ஒருவன் தலையால் முட்டிய பந்து ரெக்சனின் கையுறையில் வழுக்கி உள்ளே போனது. நடுவர் விசில் ஊதினார், அதோடு ஆட்டமும் முடிந்தது. கிளீட்டஸ் முரசைத் தட்டினார். அவளுக்கு முதுகைக் காட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி, கடலில் வருகிறவனுக்கு முதுகைக் காட்டி, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, குருசுமுனை முழுவதும் குதித்தது.

அப்படி ஒரு உயரம் அதுவரை போனதில்லை. தென்னை உச்சியைத் தாண்டி, கோயில் கோபுரத்துச் சிலுவையையும் தாண்டி, ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் முரசும் பேனரும் ஹென்றி ஃபாதரின் விரிந்த வெள்ளை அங்கியுமாக ஊர் அந்தரத்தில் போய் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கடல் முழுவதும் நன்றாகத் தெரியும். வள்ளத்தை முதலில் பார்த்தவர் கிளீட்டஸ்தான்.

"லே, அது நம்ம தார்சியூஸுக்க வள்ளமில்லியா?"

"அவனேதான்!" என்றார்கள் எல்லோரும். அவனைப் பார்த்து ஆசையாகக் கையை ஆட்டினார்கள். அவன் அலையைப் பார்த்து நின்றதால் அவனுக்குப் பின்னால் ஊர் எங்கே போய் நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா அவர்களுடைய கால்களுக்கு அடியில் நின்று கத்தினாள். "எறங்குங்க! ஊருக்காரரே, அவர அலை கொண்டு போவுது! எறங்கி வாங்க!"

"எறங்க முடியல்ல பெண்ணே, நாங்க என்ன செய்ய?" என்றார் கிளீட்டஸ். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே முடியவில்லை.

"வருத்தப்படுங்க!" என்று அலறினாள் அவள். "ஒரு நிமிசம் வருத்தப்படுங்க, எறங்கிருவிய!"

அவர்கள் முயற்சி செய்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முகத்தைத் தொங்கப் போட்டார்கள். ஐயோ பாவம், ஐயோ பாவம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பெண்கள் சிலர் கண்ணீர்கூட விட்டார்கள், கண்ணீர் கீழே வந்து ஜெசிந்தாவின் மேல் விழுந்தது, அழுதவர்கள் விழவில்லை. ஹென்றி ஃபாதர் கடலில் இருப்பவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார். கணீரென்ற குரல், எழுத்துப் பிசகாத செபம், இருந்தும் ஒரு விரற்கடைகூட அவர் இறங்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மட்டும் தென்னை உச்சிவரை இறங்கினார், அப்போது பந்து ரெக்சனின் கையில் வழுக்கிய விதம் அவருக்கு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது, மறுபடியும் மேலே போய்விட்டார். அத்தனை பேரும் அவனுக்காக வருந்தினார்கள், அந்த அத்தனை வருத்தமும் சேர்ந்து ஒரு ஆளைக் கீழே கொண்டுவரப் போதவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை ஒன்று வள்ளத்தைக் குறுக்கே தூக்கிக் கவிழ்த்தது. மேலேயிருந்து ஒரு "ஓ" வந்தது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் வருமே, அதே "ஓ".

மைதானத்தின் கீழ்ப்பக்கத்துக் கோல் கம்பத்தடியில் புன்னந்துறைக்காரர்கள் இருந்தார்கள். ஆட்டக்காரர்களும் கூட வந்த ஆட்களுமாகக் கொஞ்சம் பேர். சிலர் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ரெக்சன் மணலில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். ஜெசிந்தா அவர்கள் முன்னால் ஓடி வந்து நின்றாள். ஒரு மாதமாக மேலேயிருந்து அவர்களை என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறது அவள் ஊர், எந்த வாயால் கேட்பது என்று தெரியாமல், "தம்பி..." என்று மட்டும் சொல்லிக் கடலைக் காட்டினாள். ரெக்சன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கையுறையை உருவிப் போட்டுவிட்டு ஓடினான். மற்றவர்கள் பூட்ஸோடும் சாக்ஸோடும் அவன் பின்னால் ஓடினார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக அலைக்குள் இறங்கினார்கள். ஜெசிந்தாவும் இறங்கினாள். கழுத்தளவு தண்ணீரில் முதலில் ஒரு துடுப்பு அகப்பட்டது, பிறகு மாலை ஒன்று அகப்பட்டது, பிறகுதான் மஞ்சள் ஜெர்சி.

கரையில் போட்டுக் குப்புறத் திருப்பி அமுக்கினார்கள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது, மணல் வந்தது, ரொம்ப நேரம் வேறு ஒன்றும் வரவில்லை. ரெக்சன் விடாமல் அமுக்கினான். ஜெசிந்தா தார்சியூஸின் காதுப் பக்கம் குனிந்து, அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், இடைவிடாமல், சந்தையில் மீனைக் கூவுகிற அதே குரலில். கடைசியில் அவன் இருமினான். அவள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தத் தலை எவ்வளவு கனமாக இருந்தது என்பதில் அவளுக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல வார்த்தை கிடையாது.

தார்சியூஸ் கண்ணைத் திறந்தான். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான், எல்லாம் புன்னந்துறை முகங்கள். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"நம்ம... ஜெயிச்சமா?" என்றான்.

ஜெசிந்தா முந்தானையை விரித்து, முகத்தைத் துடைப்பதுபோல, வானம் தெரியாமல் அவன் கண்ணை மறைத்தாள்.

"தோத்துட்டோம்," என்றாள்.

அவன் நம்பாமல் முந்தானைக்கு வெளியே கையை நீட்டி யாரையோ தேடினான். ரெக்சன் குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று மத்தியானம் முழுக்க உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றவன் அவன்.

"ஆமா அண்ணே," என்றான். "நாங்கதான் ஜெயிச்சோம்."

தார்சியூஸ் அழ ஆரம்பித்தான். சின்னப் பிள்ளை மாதிரி உடம்பு குலுங்க அழுதான், அழ அழ அவன் கனம் கூடி அவள் மடியில் இன்னும் நன்றாக அழுந்தியது. அழட்டும், இரண்டு நாள் அழட்டும், ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடக்கட்டும், ஆள் வீட்டில் கிடப்பான் என்று ஜெசிந்தா நினைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு முழுசாக அவளிடம் இருந்ததில்லை.

அப்போது மேலேயிருந்து கிளீட்டஸ் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். நல்ல மனசோடுதான் கூப்பிட்டார், அந்த ஆளுக்கு வேறு மனசு இருந்ததாகவும் தெரியவில்லை.

"லே தார்சியூஸ்! ஜெயிச்சாச்சுலே மக்கா! ஒண்ணுக்கு பூச்சியம்! எல்லாம் நீ கடலுக்குப் போன ராசியாக்கும்!"

தார்சியூஸ் முந்தானையை விலக்கினான். வானம் முழுவதும் குருசுமுனையின் பாதங்கள் தொங்கின. அவன் அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். நீ பொய் சொன்னாயா என்று அவன் கேட்கவில்லை, கேட்கிற அளவுக்கு அது அவனுக்கு முக்கியமாகப் படவில்லை. அவனுடைய வாய் இளிக்க ஆரம்பித்தது. மடியில் கனம் குறைவதை ஜெசிந்தா உணர்ந்தாள். முதலில் தலை, பிறகு தோள், பிறகு முதுகு மணலைவிட்டுக் கிளம்பியது. ஈரம் சொட்டச் சொட்ட, இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு அவன் எழும்பினான். அவள் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தாள். ரெக்சனும் இன்னொரு காலைப் பிடித்தான்.

"விடுட்டி," என்றான் தார்சியூஸ் செல்லமாக. "எல்லாரும் நிக்கியாவ பாரு."

அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், கொஞ்ச நேரம். அந்தக் கால் அவள் கைக்குள் திமிறவில்லை, உதறவில்லை, பிடித்திருப்பது யார் என்ற நினைப்பே இல்லாமல் மேலே போகப் பார்த்தது, அவ்வளவுதான். அவள் ரெக்சனைப் பார்த்தாள்.

"விட்டுரு தம்பி," என்றாள்.

இருவரும் கையை எடுத்தார்கள். தார்சியூஸ் தென்னை உச்சியைத் தாண்டிப் போனான். மேலே அவனைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார்கள், முரசு அதிர்ந்தது, நடுநடுவே அவன் இருமுவதும் கேட்டது.

ஜெசிந்தா எழுந்து சேலையின் ஈரத்தைப் பிழிந்தாள். புன்னந்துறைக்காரர்கள் தண்ணீர் நிறைந்த பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துவிட்டு வேன் பக்கம் நடந்தார்கள். அவளும் அவர்களோடு நடந்தாள்.

"ஒங்க வேனுல ஒரு எடம் இருக்குமா தம்பி?" என்று கேட்டாள்.

ரெக்சன் சீட்டிலிருந்த பந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தான்.

"ஜெசிந்தா!" என்று மேலேயிருந்து தார்சியூஸ் கூப்பிட்டான். "அங்க என்னட்டி செய்யுத? குதிட்டி! நீயும் குதி!"

அவள் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.